பதில் ஹாரன்

டயர் வாங்க வருகிறவர்களிடம் விலை பேசுவதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன். "உள்ளயா, வெளியவா?" மந்தாரக்குப்பத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. உள்ளே என்றால் நிலக்கரிச் சுரங்கத்துக்கு உள்ளே. வெளியே என்றால் பாக்கி உலகம் முழுவதும். உள்ளே ஓடுகிற வண்டிக்குக் களிமண்ணைக் கவ்வுகிற டயர் வேண்டும். வெளியே ஓடுகிற வண்டிக்குத் தார் ரோட்டில் சீக்கிரம் தேயாத டயர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்று கொடு என்று கேட்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. அப்படி ஒரு டயர் இருந்தால் நான் ஏன் இரண்டு ரகத்தையும் வாங்கி அடுக்கிவைத்து எலிகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கிறேன்?

சிங்காரவேல் அண்ணன், நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்.

அன்று காலை கடை வாசலில் ஹாரன் கேட்டது, இரண்டு முறை. நான் ஒரு டிராக்டர் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசல் லாரியே திரும்புகிற அளவுக்கு விரிந்து கிடக்கிறது, வரவேண்டியதுதானே? மறுபடியும் இரண்டு முறை. எரிச்சலோடு எழுந்து போய்ப் பார்த்தால், புத்தம் புதுப் பிக்கப் ஒன்று ரோட்டோரம் நிற்கிறது. உள்ளே நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

"என்னாங்க, வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? உள்ள வாங்க!" என்று கத்தினேன்.

திட்டு வாங்கின மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கியரைப் போட்டு வண்டியை உள்ளே கொண்டுவந்தார்.

பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிய கறைகூட டயரில் போகவில்லை. முன் கண்ணாடியில் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. இறங்கியதும் நாலு டயரையும் கழற்றச் சொன்னார்.

"கம்பெனி டயரு புதுசா இருக்குதேண்ணே?"

"அது வெளிய ஓடற டயரு தம்பி. நான் உள்ள போவணும்."

அவர் கதை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மீசை முளைத்த வயதில் வந்தவர். காண்டிராக்ட் டிரைவர். இதோ பர்மனென்ட், அதோ பர்மனென்ட் என்று இருபது வருஷத்துக்கு மேல் செகண்ட் மைன்ஸ் உள்ளே அடுத்தவர் வண்டியை ஓட்டினார். சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை இறைக்கும் பம்புகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் வேலை. காண்டிராக்டர் மாறுவார், வண்டி மாறும், இவர் மாறவில்லை. கடைசியாக வந்த ஏஜென்சி தன் வண்டிகளோடு தன் டிரைவர்களையும் கூட்டிவந்தது. இவர் கேட்டுக்கு வெளியே நின்றார். மனைவி ருக்குமணி அதற்கு முன்பே போய்ச்சேர்ந்துவிட்டார். மகள் அகிலாவுக்கு ஓசூரில் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டும். இந்திரா நகர் வாடகை வீட்டில் அவரும் ஒரு டிவியும் மட்டும்.

"சொந்த வண்டி இருந்தா எடுத்துகினு வாங்க, பாக்கலாம்" என்று அந்த ஏஜென்சியின் சூப்பர்வைசர் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். மனிதர் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டு, பி.எஃப். பணத்தில் வண்டி வாங்கிவிட்டார். மகள் தடுத்ததாம். சம்பாதிக்க வேண்டிய தேவையும் பெரிதாக இல்லை. அவருக்கு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். அது மட்டும் முதல் நாளே எனக்குத் தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை.

டயர் தேர்ந்தெடுக்க அரை நாள் ஆக்கினார். முதல் ஜோடியில் ரப்பர் கட்டைகள் நெருக்கமாக இருந்தன. பள்ளத்தில் கட்டை விரலை விட்டுப் பார்த்து, "அடைச்சிக்கும்" என்றார். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற சாம்பல் நிறக் களிமண் மழையில் அப்படித்தான். பள்ளத்தில் போய் அப்பிக்கொண்டால் டயர் மொழுக்கென்று ஆகிவிடும், அப்புறம் வண்டி போகிற வழிதான் நம் வழி. இரண்டாவது ரகத்துக்குப் பக்கச் சுவர் மெல்லிசு. மூன்றாவதாக நான் உருட்டிக்கொண்டுவந்தது பட்டன் பட்டனாகத் துருத்திக்கொண்டு, இடைவெளி அகலமாக, மண்ணைத் தானே உதறிவிடுகிற ரகம். குந்தி உட்கார்ந்து அதைத் தடவினார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள்கூட இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டான்.

"பின்னாடி ரெண்டுக்கு மட்டும் போடுங்கண்ணே. முன்னாடி கம்பெனி டயரு போதும்."

"பின்னாடி தள்ளும் தம்பி. திரும்பறது முன்னாடிதான. நாலுக்கும் போடு. ஸ்டெப்னிக்கும்."

"டாரு ரோட்டுல இது கத்துங்க. காது போயிடும்."

"டாரு ரோட்டுல எனக்கு என்னா வேல?"

எனக்கு வியாபாரம். போட்டுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க வண்டியை அலங்கரிப்பதிலேயே போனது. பட்டறையில் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை வைத்தார். சேற்றில் சிக்கினால் இழுப்பதற்கு முன்னால் ஒரு கொக்கி. மண் தெறிக்காமல் அகலமான ரப்பர் மறைப்பு. பக்கத்துக் கடையில் வெல்டிங் வைத்து, கேபினுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு குழாய் நட்டு, உச்சியில் சிவப்புக் கொடியும் சுற்றுகிற மஞ்சள் விளக்கும். சுரங்கத்துக்குள் போகிற சின்ன வண்டிக்கெல்லாம் அந்தக் கொடி உண்டு. உள்ளே மண் அறுக்கிற பக்கெட் வீல் மெஷின் ஒரு மாடி வீட்டை அப்படியே வாளியில் அள்ளுகிற இரும்பு ராட்சசன். மேலே உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டருக்குப் பிக்கப் தெரியாது, கொடிதான் தெரியும். டிரைவர் சீட்டுக்கு உறை தைத்துப் போட்டார். பக்கத்து சீட்டில் கம்பெனி பிளாஸ்டிக்கை உரிக்கவே இல்லை.

"அதையும் உரிங்கண்ணே, வேர்க்கும்."

"யாருக்கு வேர்க்கும்?" என்றார். நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

தினம் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கடைக்கு வருவார். ஒரு நட்டு டைட் பண்ண, வால்வு மூடி மாற்ற, காற்று பார்க்க. ஒவ்வொரு தடவையும் வாசலில் நிறுத்தி இரண்டு ஹாரன். நான் கத்துகிற வரைக்கும் நகர மாட்டார். நாலாவது, ஐந்தாவது முறை எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஏண்ணே, தெனம் ஆரத்தி எடுக்க நான் என்னா சம்பந்தி வூடா? உங்க பாட்டுக்கு வர வேண்டியதுதான?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. டீ சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கினார்.

"உள்ள அப்டியே பழகிடுச்சு தம்பி. பெரிய மெஷின் கிட்ட போனா நிறுத்தணும். ரெண்டு ஹாரன் அடிக்கணும். மேல இருக்கறவரு பாத்துட்டு, பதில் ஹாரன் குடுப்பாரு. குடுத்தாத்தான் நவுரலாம். குடுக்கலைன்னா நின்னுகினே இருக்கணும். அவசரப்பட்டு நவுந்தவன் பொழச்சதில்ல."

"அது உள்ளங்க. இது டயரு கடை."

"தெரியுது. பிரேக்குலேருந்து காலு எழும்ப மாட்டேங்குது, என்னா பண்றது?"

அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். யார் மெஷினில் இருக்கிறார் என்று ஹாரனை வைத்தே சொல்லிவிடுவாராம். ஒருவர் வெடுக்கென்று அடிப்பார். ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு இழுப்பார். விஜயராஜ் என்று ஒரு ஆபரேட்டர், நீளமாக ஒன்று, முடிவில் குட்டியாக ஒன்று. அந்தக் குட்டி ஹாரன் சட்டப்படி தேவையில்லை. இவருக்காக அடிப்பது. இத்தனை வருஷத்தில் அந்த விஜயராஜின் முகத்தை இவர் பார்த்ததில்லை. அவர் மேலே, இவர் கீழே. ஒருநாள் ஆர்ச் கேட் பக்கம் டீக்கடையில் பக்கத்தில் நின்றவரோடு பேச்சுக்கொடுக்க, அவர்தான் விஜயராஜ் என்று தெரிந்ததாம்.

"என்னா பேசினீங்க?"

"என்னாத்த பேச? அவரு பர்மனென்ட், நான் காண்டிராக்ட். 'நீங்கதானா'ன்னாரு. 'நான்தாங்க'ன்னேன். டீய குடிச்சிட்டுப் போயிட்டோம். மறுநாளு உள்ள போனேன், நீளமா ஒண்ணு, குட்டியா ஒண்ணு. அது நல்லா இருந்துச்சு."

வீட்டிலும் இதே கதைதான். தெருமுனை திரும்பியதும் இரண்டு ஹாரன். ருக்குமணி அண்ணி உள்ளிருந்தபடியே வாசல் விளக்கை ஒருமுறை போட்டு அணைக்குமாம், பட்டப்பகலாக இருந்தாலும். கரண்ட் பில்லைப் பற்றி இவர் முணுமுணுக்க, "அப்ப ஹாரன அடிக்காத" என்று அது சொல்ல, அந்தச் சண்டை கடைசி வரைக்கும் ஓயவில்லை. இப்போதும் வாசலில் ஹாரன் அடிக்கிறார். கொஞ்ச நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கித் தானே பூட்டைத் திறக்கிறார். மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு தடவை சத்தம் போட்டாயிற்று.

அவர் போனபிறகு எனக்கு அன்று வேலை ஓடவில்லை. உள்ளே போக இந்த மனிதர் ஏன் இப்படித் துடிக்கிறார் என்பது புரிந்தது. அங்கே தான் வந்திருப்பதை யாரோ ஒருவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார். இங்கே அப்படி ஒரு ஆள் இல்லை.

ஏஜென்சியில் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். சும்மா நிற்கிற வண்டியைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் வெளியே லோடு ஓட்டினார். கொடிக்கம்பத்தையும் கழற்றவில்லை. கல்யாண பேனர் கயிற்றையெல்லாம் அறுத்துக்கொண்டு போனார். டயர் தார் ரோட்டில் போட்ட கூச்சலில் ஊரே திரும்பிப் பார்த்தது. சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் நடந்ததுதான் உச்சம். நெல் அறுக்கிற மெஷின் ஒன்று ரோட்டோரம் பாதியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதன் டிரைவர் சாப்பிடப் போய்விட்டான். நம் ஆள் போய் நிறுத்தி, இரண்டு ஹாரன் அடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறார். தாண்டிப் போகத் தாராளமாக இடம் இருக்கிறது. காலி மெஷின் எங்கே பதில் சொல்வது? பின்னால் சிதம்பரம் பஸ், அதன் பின்னால் இன்னொரு பஸ், கரும்பு டிராக்டர். கண்டக்டர் இறங்கிவந்து, குடும்பத்தையே இழுத்துத் திட்டியிருக்கிறார். அந்த பஸ்ஸில் இருந்த என் மச்சான் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொன்னான். நானும் சிரித்தேன்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒருநாள் அவர் வந்தார். ஆட்டோவில் வந்தார்.

"வண்டி எங்கண்ணே?"

"வண்டிய எடுத்துக்கினாங்க தம்பி. அப்ரூவல் ஆயிடுச்சு. சூப்பர்வைசரு டயர பாத்துட்டு, இப்டித்தான் செட் பண்ணணும்னு மத்தவங்கள கூப்ட்டுக் காட்னாரு."

"அப்ப சந்தோஷந்தான? நீங்க ஏன் இங்க?"

"என்னைய எடுக்கல."

அந்த ஏஜென்சி தனக்கென்று ஒரு வயது வரம்பு வைத்திருந்தது. அதைத் தாண்டியவருக்குப் புது டிரைவர் பாஸ் போட மாட்டார்களாம். வண்டி உள்ளே ஓடட்டும், வாடகை மாசாமாசம் வந்துவிடும், ஓட்டுவதற்கு நாங்கள் ஆள் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பிரவின்குமார் என்று குறிஞ்சிப்பாடிக்காரர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நல்ல டிரைவர். ஊரில் எல்லோரும் சிங்காரவேல் அண்ணனுக்கு யோகம் என்றார்கள். காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடலாமே! போனில் அகிலாவும் அதையேதான் சொன்னதாம். அவர் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. நானும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "நல்லதுதானண்ணே" என்றேன்.

வண்டி சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அவர் டயர் பள்ளத்தில் இருக்கிற களிமண்ணைக் குச்சியால் சுரண்டி எடுத்துக் கழுவுவார். சாவியை வாங்கும்போது பிரவினிடம், "இன்னிக்கு மெஷின்ல யாரு?" என்று கேட்பார்.

"தெரியலீங்களே. ஹாரன் குடுத்தாங்க, தாண்டிட்டேன்."

"எப்டிக் குடுத்தாரு? நீளமாவா?"

"ஹாரன்ல நீளம் என்னாங்க, குட்டை என்னா?" பிரவின் மேல் தப்பில்லை. அவருக்கு வீட்டில் பிள்ளைகள் காத்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து, என் பைக்கில் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட டம்ப் மேடு. பாதி வரைக்கும் பைக் ஏறியது, மீதிக்கு நடந்தோம். மேலே காற்று ஆளைத் தள்ளியது. அந்தப் பக்கம் கீழே பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் பள்ளம். படி படியாக வெட்டிய மண், ஓடிக்கொண்டிருக்கிற பெல்ட், அடியில் கரிய கோடாக நிலக்கரி. பக்கெட் வீல் மெஷின் இங்கிருந்து பார்க்கவே பெரிதாகத்தான் இருந்தது.

"அதோ" என்றார்.

எனக்கு முதலில் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் தலைக்கு மேல் ஒரு சிவப்புப் புள்ளி. அவர் நட்ட கொடி. ஈர மண்ணில் கொஞ்சமும் வழுக்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் போட்ட டயர் என்று எனக்குப் பெருமைகூட வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மெஷினுக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது. ஹாரன் சத்தம் எங்கள் வரை எட்டவில்லை. அண்ணனின் வலது கை மட்டும் தன் தொடையை இரண்டு முறை அழுத்தியது.

அப்புறம் மெஷினிலிருந்து காற்றோடு வந்தது. நீளமாக ஒன்று. முடிவில் குட்டியாக ஒன்று.

"விஜயராஜ்!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "கேட்டியா? கொடிய பாத்துட்டாரு தம்பி. நான் வந்துட்டேன்னு நெனச்சிகினாரு."

வெள்ளைப் புள்ளி நகர்ந்து மெஷினைத் தாண்டிப் போனது. அவர் கை மெல்ல என் தோளிலிருந்து இறங்கியது.

"நான் இங்க இருக்கேன்" என்றார்.

அங்கிருந்து ஏதாவது கத்தலாம் என்றால் யாருக்குக் கேட்கும்? அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்திரா நகரில் இறக்கிவிட்டபோது, பூட்டிய கதவுக்கு முன்னால் அவர் ஒரு நிமிஷம் சும்மா நின்றார். ஹாரன் அடிக்கக்கூட வண்டி இல்லை.

அந்த மாதத்தோடு வண்டியை ஏஜென்சியிலிருந்து எடுத்துவிட்டார். பைத்தியக்காரத்தனம் என்று ஊர் தலையில் அடித்துக்கொண்டது. பிரவினுக்கு வேறு வண்டி கொடுத்துவிட்டார்களா என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் எடுத்தார். நேராக என் கடைக்கு ஓட்டிவந்தார். பட்டன் டயர் நாலும் வாசலில் உறுமின. நான் வழக்கம்போலக் கத்தி உள்ளே கூப்பிட்டேன். அவர் இறங்கி நின்றார்.

அவரிடம் அதைக் கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். பழக்கதோஷம், வாய் முந்திவிட்டது. "உள்ளயாண்ணே, வெளியவா?"

வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தார். பள்ளத்தில் காய்ந்திருந்த சாம்பல் மண்ணை விரலால் நிமிண்டி எடுத்துப் பார்த்தார்.

"வெளியதான் தம்பி" என்றார்.

அவருடைய பழைய கம்பெனி டயரை நான் விற்கவில்லை. எலுமிச்சம்பழக் கறையோடு அப்படியே மூலையில் கிடந்தது. எடுத்து மாட்டினேன். கொடிக்கம்பத்தை வெல்டிங்காரர் அறுத்தார். குழாய் கீழே விழுந்தபோது அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொடியை மட்டும் அவிழ்த்து மடித்து, பிளாஸ்டிக் உரிக்காத அந்த சீட்டின் மேல் வைத்தார்.

"ஒரு சுத்து ஓட்டிப் பாக்கலாம், ஏறு" என்றார். எனக்கு ஒரு லாரிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். போக முடியவில்லை. தனியாகவே கிளம்பினார். இந்த டயர் சத்தமே போடவில்லை. வண்டி போவதே தெரியாமல் போய்விட்டது.

வடலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியிருப்பார். நான் லாரி சக்கரத்தின் முன்னால் குனிந்திருந்தேன். வாசலில் இரண்டு ஹாரன். நிமிர்ந்து பார்த்தேன். ரோட்டோரம் வண்டி நின்றது. கொடி இல்லாமல் அது எல்லாப் பிக்கப்பையும் போலத்தான் இருந்தது. உள்ளே அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாகக் கத்துகிற வார்த்தை வாய் வரை வந்தது. கத்தவில்லை. கையில் இருந்த டயர் கம்பியை ஓங்கி, பக்கத்தில் கிடந்த இரும்பு டிஸ்க்கில் பலமாக ஒரு அடி அடித்தேன். அது ரொம்ப நேரம் அதிர்ந்தது. அடங்குகிற சமயம் பார்த்து, மெதுவாக இன்னொரு தட்டு.

அவர் கியரைப் போட்டு வண்டியை உள்ளே கொண்டுவந்தார்.